தென்சேரித் தோளுக்கு வடசேரிக் கட்டு

எனக்குக் கலியாணமாகி எட்டாம் மாதம் என் கணவர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போனார். சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. அம்மன் கோயிலில் கொம்பு விளையாட்டுக்கு நாள் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

வெளியூராருக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற எங்கள் ஊரில் பிறந்தவர் எல்லாரும் ஒன்றில் வடசேரி, இல்லாவிட்டால் தென்சேரி. தகப்பன் எந்தச் சேரியோ பிள்ளையும் அந்தச் சேரி. கலியாணம் கட்டினாலும் அது மாறாது. மழை பிழைத்த வருடங்களிலும் அம்மை நோய் வந்த வருடங்களிலும் அம்மனைக் குளிர்விக்க இரண்டு சேரியும் கொம்பு இழுக்கும். கொக்கி போல் வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றில் ஒன்று கொளுவி, ஒவ்வொன்றிலும் வடம் கட்டி, இரு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். எந்தச் சேரியின் கொம்பு முறிகிறதோ அந்தச் சேரி தோற்றது. வென்றவர்கள் தோற்றவர்களின் வாசலில் போய் நின்று வசைப்பாட்டுப் பாடுவார்கள். மற்ற நாளில் அதில் ஒரு வரி பாடினால் அடிதடியில் முடியும். கொம்பு நாளில் பாடினால் அம்மனுக்குச் சந்தோஷம்.

நாள் வைத்ததிலிருந்து முடியும்வரை ஒரு சேரி மற்றச் சேரியோடு முகம் கொடுத்துப் பேசாது. அடுப்புக்கு நெருப்புக்கூடக் கேட்காது. நான் வடசேரி, அவர் தென்சேரி. எங்கள் பக்கத்தில் ஆண்தான் பெண் வீட்டுக்கு வாழ வருகிறவன். ஆகவே தாய் வீட்டுக்குப் போகிற உரிமையும் ஆணுக்குத்தான். நாலு வேலி தள்ளியிருந்த தாய் வீட்டுக்கு அவர் போனார். போகையில் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி நின்றேன். அதுவும் வழக்கம்தான்.

அப்பாவிடம் "போயிற்று வாறன் மாமா" என்றார். அந்த எட்டு மாதத்தில் அவர் அப்பாவோடு பேசிய பேச்செல்லாம் "ஓம் மாமா", "சரி மாமா", "வாறன் மாமா" என்ற மூன்றுக்குள் அடங்கும். மாமனாருக்கு முன்னால் மருமகன் வாய் திறப்பது மரியாதையில்லை என்று அவருடைய தாய் சொல்லி அனுப்பியிருந்தாளாம். இந்த மனிதனுக்கு வயிற்றுக்குள் வேறு பேச்சே இல்லையோ என்று நான் யோசித்ததுண்டு. இருந்தது. அதைப் பிறகு ஊரே கேட்டது.

அப்பா முறிவு பரியாரி. தென்னையால் விழுந்தவன், மாடு முட்டினவன், தோணி தள்ளி இடுப்புப் பிடித்தவன் எல்லாரும் எங்கள் வீட்டு வளவு மாமரத்தடியில்தான் கிடப்பார்கள். எலும்பைக் கட்டுகிற அந்தக் கைதான் வடசேரிக்குக் கொம்பையும் கட்டும். கொம்பும் ஒரு எலும்பு மாதிரித்தானே. எங்கே நார் பிரிந்திருக்கிறது, எந்த இடம் பாரம் தாங்காது என்று தடவிப் பார்த்து, அங்கே மூங்கில் சிம்பு வைத்துக் கயிறு சுற்றவேண்டும். இழுப்பவர்கள் எத்தனை வீரர்களாக இருந்தாலும் கட்டு சரியில்லாவிட்டால் கொம்பு நிற்காது. அப்பா கட்டிய கொம்பு அதுவரை ஒரே ஒருமுறைதான் முறிந்தது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேசக்கூடாது.

என் கணவர் வீச்சுவலைக்காரர். முழங்காலளவு வாவித் தண்ணீரில் நின்று அவர் வலையைச் சுழற்றி எறிந்தால் அது வானத்தில் வட்டமாக விரிந்து விழும். அந்தத் தோளுக்காகத்தான் தென்சேரி அவரை வடத்தின் முதல் ஆளாக நிறுத்தியது. அந்தத் தோளைப் பார்த்துத்தான் நானும் கலியாணத்துக்குச் சம்மதித்தேன். ஏன் பொய் சொல்ல?

முதலில் சிறு கொம்பு. பதினான்கு நாள் கழித்துப் பெருங்கொம்பு. சிறு கொம்பன்று வெயில் மண்டையைப் பிளந்தது. வடசேரிப் பெண்கள் ஒரு பக்கம் நின்று குரவை போட்டோம். எதிரே வடத்தின் தலைப்பில் என் கணவர் காலை ஊன்றி நின்றார். அங்கேதான் அவர் ஒரு மடத்தனம் செய்தார். வலை வீசுகிறவன் வலைக்கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டுதான் வீசுவான், இல்லாவிட்டால் வலை போய்விடும். அந்தப் பழக்கத்தில் கொம்பு வடத்திலிருந்து தொங்கிய கயிறு ஒன்றை வலது மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி வைத்திருந்தார். ஊரில் வேறு எவனும் அப்படிச் செய்யமாட்டான்.

ஏழாவது இழுப்பில் தென்சேரிக் கொம்பு முறிந்தது. இழுத்துக்கொண்டிருந்த தென்சேரியார் அத்தனை பேரும் மல்லாக்க விழுந்தார்கள். விழுந்தவர்களோடு வடமும் பின்னால் பாய்ந்தது. என் கணவர் ஒரு பக்கம் விழ, கட்டுண்ட கை மட்டும் தலைக்கு மேலாகப் பின்பக்கம் போனது. வடசேரி முழுதும் கூத்தாடியது. நானும் குரவை போட்டேன். மூன்றாவது குரவையில்தான் அவர் எழும்பவில்லை என்று கண்டேன்.

நான் சேரி எல்லையைக் கடந்து ஓடினேன். அவர் மண்ணில் இருந்தார். வலது முழங்கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். நான் ஆசைப்பட்ட உருண்டைத் தோள் பெட்டி மூலை மாதிரிச் சப்பையாகக் கிடந்தது. முன்பக்கம் அக்குளுக்கு மேலே ஒரு உருண்டை புதிதாகத் தள்ளிக்கொண்டு நின்றது. முகம் வெளுத்து வியர்த்திருந்தது.

தென்சேரித் தலைவர் என் கணவரின் பெரியப்பா. குரலும் மீசையும் பெரிதான மனிதர். அவர் என்னை மறித்தார்.

"வடசேரியாக்கள் இஞ்ச வரப்படாது. எங்கட பொடியன எங்களுக்குப் பாக்கத் தெரியும்."

பார்த்த லட்சணம் இதுதான்: பெரியப்பா தரையில் இருந்து, தம்பி மகனின் அக்குளுக்குள் தன் குதிக்காலை வைத்து, கையைப் பிடித்து ஒரு இழுவை இழுத்தார். என் கணவர் போட்ட சத்தத்தில் கோயில் கூரையிலிருந்த புறாக்கள் வாவிக்கு மேலால் பறந்தன. தோள் இருந்த இடத்திலேயே இருந்தது. பெரியப்பா "இன்னொருக்கா" என்றார்.

அப்போது என் கணவர் வாய் திறந்தார். "மாமாவக் கூப்பிடுங்க."

"வடசேரியான்ட கை எங்கட தோள்ல படப்படாது!" என்றார் பெரியப்பா.

அப்பா அதற்குள் வந்துவிட்டார். "படாட்டிப் போகட்டும். நாளைக்கு வல வீச நீங்க வாறிங்களா?" என்று கேட்டார். பெரியப்பாவுக்கு வலை வீசத் தெரியாது. ஒதுங்கி நின்றார்.

அப்பா இழுக்கவில்லை, தள்ளவில்லை. முதலில் மணிக்கட்டில் நாடி பார்த்தார். "விரல ஆட்டுங்க மருமகன்" என்றார். விரல் ஆடியது. தோளின் வெளிப்பக்கத்தில் ஒரு விரலால் தொட்டு, "இதில தொடுறது தெரியுதா?" என்று கேட்டார். "ஓம் மாமா." "நல்லம். நரம்பு தப்பிச்சிற்று." பிறகு கோயில் மடைப்பள்ளியில் காய் அரிகிற உயரமான மேசையை வெளியே தூக்கிவரச் சொன்னார். அதில் அவரைக் குப்புறப் படுக்கவைத்து, கையை மேசை விளிம்பால் தொங்கவிட்டார். மணிக்கட்டில் சீலை சுற்றி அதில் ஒரு சின்னக் குடத்தைக் கட்டினார். என் கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தந்தார்.

"மகள், நான் தலையாட்டுற நேரமெல்லாம் ஒரு சிரட்ட மண் போடு. ஓடி ஓடிப் போடாத."

நான் போட்டேன். ஒரு சிரட்டை, இன்னொரு சிரட்டை. கை மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. ஆனால் தோள் இறுகிக் கிடந்தது. இரண்டு சேரியும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தால் எவன் தோள்தான் தளரும்? அப்பா மேசைக்கு அடியில் குந்தியிருந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"மருமகன், என்னப் பத்தி மனசில என்னெல்லாம் கிடக்கு? சொல்லுங்க."

"ஒண்டுமில்ல மாமா."

"ஒண்டுமில்லாமக் கிடக்காது. நானும் இந்த வீட்டுக்கு வந்த மருமகன்தான். எண்ட மாமனப் பத்தி எனக்குச் சொல்ல ஒரு பொழுது காணாது. சொல்லுங்க. சொன்னாத்தான் தோள் இளகும்."

என் கணவர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு மண்ணைப் பார்த்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்தார்.

"விடியக்காலையில நீங்க எங்கட அற வாசல்ல வந்து நிண்டு இருமுறீங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான் சிரட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"மறுகா, பொறகு?" என்றார் அப்பா, என்னைப் பார்த்துத் தலையாட்டி.

"நான் பிடிச்ச மீன்ல எனக்கு வால் துண்டு போடுறாங்க. உங்களுக்கு நடுத்துண்டு."

"மறுகா?"

"நீங்க எண்ண காய்ச்சுற மணம் எண்ட உடம்புல ஏறி, நான் தண்ணிக்குள்ள கால வச்சா மீனெல்லாம் ஓடுது." குரல் மெல்ல உயர்ந்தது. "வாற ஆக்களுக்கெல்லாம் இது வீட்டுக்கு வந்த பொடியன் எண்டு சொல்லுறீங்க. எனக்குப் பேர் இல்லையா? சரி, அதெல்லாம் பொறுத்தன். ஆனா எண்ட வல! மூணு மாசம் இருந்து பின்னின வல! அதக் கொண்டு போய்க் கோழிக்குஞ்சு மூடி வைக்க உங்களுக்கு எப்பிடி மனசு..."

களுக்.

சத்தம் எனக்கே கேட்டது. சப்பையாகக் கிடந்த தோள் மீண்டும் உருண்டது. என் கணவர் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தார்.

"சொல்லுங்க, வலைக்கு என்ன?" என்றார் அப்பா குடத்தை அவிழ்த்தபடி.

"ஒண்டுமில்ல மாமா."

நோவு போய் வெட்கம் வந்த முகத்தை அன்றைக்குத்தான் நான் முழுதாகக் கண்டேன். நானும் அழுதேன், சிரித்தேன், எது முந்தியது என்று சொல்லத் தெரியவில்லை.

அப்பா மறுபடியும் நாடி பார்த்தார், விரல் பார்த்தார், தோளைத் தொட்டுக் கேட்டார். பிறகு அக்குளில் மெத்தென்று சீலை வைத்து, கையை மார்போடு சேர்த்துச் சுற்றி, முதுகில் முடிச்சுப் போட்டார். போட்டுக்கொண்டே தென்சேரியார் முன்னால் சொன்னார்:

"முதல் தரம் கழண்ட மூட்டு கோவிச்சுக்கொண்டு போன மருமகன் மாதிரி. கூட்டிக்கொண்டு வந்து வீட்டுக்குள்ள நல்லா இருத்திப்போட்டா இருப்பான். இருத்தாம விட்டா, கோவிச்சுப் போறதே அவனுக்குப் பழக்கமாப் போகும். பொறகு ஒவ்வொரு சின்னக் காரியத்துக்கும் போவான். அதுவும் இளந்தாரித் தோள் எண்டா சொல்லத் தேவையில்ல. இருபத்தொரு நாள் கட்டு அவிழ்க்கப்படாது. வலைக்கு மூணு மாசம்."

சொல்லிவிட்டு விரலை மடக்கி நாள் எண்ணினார். பதினாலாவது விரல்கணுவில் நிறுத்தினார். மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு வந்து போனது. வேறு யாரும் காணவில்லை. நான் கண்டேன். என் கெட்டகாலம்.

ஏனென்றால் எண்ணத் தெரிந்தது அப்பாவுக்கு மட்டுமல்ல. அன்று பின்னேரமே பெரியப்பாவும் எண்ணிவிட்டார். பெருங்கொம்பு பதினாலாம் நாள். கட்டு இருபத்தொரு நாள். வடசேரிக்குக் கொம்பு கட்டுகிறவர் தென்சேரியின் முதல் ஆளை மார்போடு மடித்துக் கட்டிப்போட்டார்! "இது கட்டு இல்ல, விலங்கு!" என்று பெரியப்பா தெருவில் நின்று கத்தியது எங்கள் அடுப்படிவரை கேட்டது.

மூன்றாம் நாள் தென்சேரியார் என் கணவரை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு, கல்லடிப் பாலத்தால் பட்டணத்து இங்கிலீஷ் வைத்தியர் அப்போதிக்கரியிடம் போனார்கள். அவர் பறங்கிக் குடும்பத்து மனிதர், தமிழை நம்மைவிட நிதானமாகப் பேசுவார். தோளைத் தடவிப் பார்த்து, "ஆரு வச்சது? நல்லா வச்சிருக்காரே" என்றாராம். கட்டு எத்தனை நாள் என்று கேட்டதற்கு, "மூணு கிழமை. அவசரப்பட்டா திரும்பத் திரும்ப இஞ்சதான் வருவீங்க" என்றாராம். மூன்று கிழமை என்றால் எத்தனை நாள் என்று பெரியப்பா வண்டியில் வரும்போது மூன்று தரம் எண்ணிப் பார்த்திருக்கிறார். மூன்று தரமும் இருபத்தொன்றுதான் வந்தது.

ஆனால் அவர் லேசில் விடுகிறவரா? மறுநாள் துப்புத் துலக்கிவிட்டார். அப்போதிக்கரி வீட்டில் சமைக்கிற மனிசி ஆரையம்பதிக்காரி. அவளுடைய தகப்பன் எங்கள் ஊர் வடசேரி. "சோத்தோட சொல்லிக் குடுத்திருக்கிறாள்!" என்றார். தென்சேரி முழுதும் தலையாட்டியது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்தக் கோபத்துக்கு அடியில் ஒரு முள் கிடந்தது. அந்தச் சிரிப்பு. அப்பா பரியாரியாக நாள் சொன்னாரா, வடசேரிக்காரராக நாள் சொன்னாரா? பெற்ற தகப்பனைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டே நினைத்தேன்.

நேரே அப்பாவிடம் போனேன். "அப்பா, இது ஒரு வடசேரியான்ட தோளாயிருந்தா எத்தின நாள் கட்டுவீங்க?"

அவர் எண்ணெய்ச் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தார். கிண்டுவதை நிறுத்தவில்லை. அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சேரிக்குச் சேரி பேச்சில்லாததே எனக்குப் பெரும்பாடு, இப்போது வீட்டுக்குள்ளும் பேச்சில்லை.

பதில் எனக்குத் தச்சரிடம் கிடைத்தது. அவர் எங்கள் சேரி, எங்கள் தெரு. சில வருடங்களுக்கு முன்னர் கூரையிலிருந்து வழுக்கி வளைமரத்தைப் பிடித்துத் தொங்கியதில் அவருக்கும் தோள் கழன்றது, அப்பாதான் வைத்துவிட்டார். நான் போனபோது பலகை சீவிக்கொண்டிருந்தார், இடது கையால்.

"உங்களுக்கு அப்பா எத்தின நாள் கட்டினவர்?"

"இருபத்தொரு நாள் எண்டுதான் கட்டினவர் புள்ள. நான் பத்தாம் நாள் அவிழ்த்துப்போட்டன்."

"ஏன்?"

"கடிச்சுது. கட்டுக்குள்ள சொறிய ஒண்ணாமக் கிடந்துது."

"மறுகா?"

"மறுகா என்ன, ஒம்பது தரம் கழண்டிற்று. பரணில பெட்டி எடுக்கப் போனா கழலும். வாவியில ரெண்டு கை நீந்தினாக் கழலும். போன மாசம் பெரிசாத் தும்மினன்..." என்று சொல்லிக்கொண்டே எனக்குக் காட்ட வலக்கையை மேலே தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றார். முகம் கோணியது. "இந்தா, போயிற்று" என்றார்.

நான் அலறிவிட்டேன். அவர் அலறவில்லை. பழகின மனிதராகப் போய், சீவிக்கொண்டிருந்த மேசையில் குப்புறப் படுத்து, கையைத் தொங்கவிட்டார். "அந்தச் சுத்தியல எண்ட கையில தா புள்ள. கொஞ்சம் பாரம் வேணும்" என்றார். சுத்தியலைக் கொடுத்தேன். அவர் அப்பாவைத் திட்டவில்லை, தன்னைத்தான் திட்டினார். அந்தத் தோளோடு அவருக்கு உளி பிடிக்க முடிந்தது, மரம் அறுக்கிற வாள் இழுக்க முடியவில்லை. வலை எப்படி வீசுவது?

வந்த வழியில் மாமியார் வீட்டு வேலியோரம் நின்றேன். சேரி விட்டுச் சேரி பேசக்கூடாது. ஆனால் ஆட்டோடு பேசக்கூடாது என்று யாரும் விதி வைக்கவில்லை. வேலிக்கு அப்பால் மாமியாரின் ஆடு கட்டியிருந்தது. அதற்குப் பின்னால் மார்போடு கை கட்டுண்டு அவர் இருந்தார்.

"ஆடு! பத்தாம் நாள் கட்டவிழ்த்த தச்சருக்கு ஒம்பது தரம் கழண்டிற்றாம். அப்பா சேரி பாத்து நாள் சொல்லல்ல. பெருங்கொம்புக்குப் போகாத, ஆடு."

ஆடு என்னைப் பார்த்தது. அவரும் ஆட்டைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "எனக்கு விளங்குது ஆடு. ஆனா போகாட்டா, பொஞ்சாதி வீட்டுக்குப் பயந்து படுத்தவன் எண்டு எண்ட சேரி என்ன உசிரோட புதைக்கும். நான் வடம் பிடிப்பனெண்டு பெரியப்பா எண்ட பேரச் சொல்லிச் சத்தியம் பண்ணிற்றார்."

"அப்ப மறுகா வலைக்கு யார் போற? ஆடா போற?" என்று கேட்டுவிட்டு நான் வந்துவிட்டேன். ஆடு பாவம், ஒன்றும் செய்யவில்லை.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம் அப்பாவுக்கு முன்னால் போய் நின்றேன். தச்சரிடம் போனதைச் சொன்னேன். நாளைக்கு அவர் வடம் பிடிக்கப் போகிறார் என்றும் சொன்னேன். "கட்டு சரிதான் அப்பா. நான் சந்தேகப்பட்டது பிழை. ஆனா கட்டி முடிச்சு நாள் எண்ணேக்க சிரிச்சீங்களே, அத நான் கண்டன். அது என்ன சிரிப்பு?"

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

பெருங்கொம்பன்று கோயில் வெளியில் மண் தெரியவில்லை, தலைகள்தான். தென்சேரிப் பக்கம் பெரியப்பா என் கணவரை முதுகு காட்டி நிறுத்திக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவிழ்த்துக்கொண்டிருந்தார் என்பது பேச்சுக்கு. அப்பா போட்ட முடிச்சு நகத்துக்கு மசியவில்லை. கடைசியில் பெரியப்பா பல்லால் கடித்தார். மீசையும் முடிச்சும் ஒன்றாகச் சிக்கிக்கொண்டன. வடசேரிப் பக்கம் கொம்பும் கயிறும் சிம்பும் தயாராகக் கிடந்தன. அப்பாவை மட்டும் காணவில்லை.

அப்பா வந்தார். வலது கை மார்போடு மடிந்து கட்டுண்டிருந்தது. அதே சீலை, அதே சுற்று, முதுகில் அதே முடிச்சு. அவர் ஒவ்வொரு சுற்றாகச் சொல்லிக்கொடுக்க அம்மா கட்டினாளாம். என்னிடம்கூட மூச்சு விடவில்லை இருவரும்.

வடசேரி ஓவென்று கத்தியது. "பரியாரி, கொம்பு ஆர் கட்டுற?"

"ஆராவது கட்டுங்க. எனக்குக் கை ஏலாது" என்றார் அப்பா. பிறகு தென்சேரிப் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "உங்கட முதல் ஆளுக்கு நான் சேரி பாத்துக் கை கட்டினன் எண்டு சொல்லுறீங்க. இந்தா, எண்ட சேரிக்கும் கட்டிப்போட்டன். மருமகன் வடம் பிடிக்கல்லையெண்டா நானும் கொம்பு தொடல்ல. மருமகன் பிடிச்சா, அது மருமகன்ட விருப்பம்."

முதலில் அசைந்தது என் கணவர்தான். "பெரியப்பா, பல்ல எடுங்க" என்றார். பெரியப்பா மீசையை விடுவித்துக்கொண்டு நிமிர்ந்தார். அவருக்கு இது சதியா இல்லையா என்று விளங்கவில்லை. ஆனால் வடசேரியின் கொம்புக்கு அப்பாவின் கை இல்லை என்பது நன்றாக விளங்கியது. "பொடியனுக்கு நோவு. நோவெண்டா இருக்கத்தானே வேணும்" என்றார் பெருந்தன்மையாக.

மாமனும் மருமகனும் கோயில் வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள், ஆளுக்கொரு இடது கையோடு. வடசேரிக் கொம்பை நாலு பேர் சேர்ந்து ஐந்து விதமாகக் கட்டினார்கள். கட்டுகையில் அப்பாவின் கட்டுண்ட கை சீலைக்குள் துடித்தது எனக்குத் தெரிந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை. மூன்றாவது இழுப்பில் எங்கள் கொம்பு முருங்கைக் கொப்பு மாதிரி முறிந்தது.

அன்று மாலை தென்சேரி எங்கள் வாசலில் வந்து பாடியது. எல்லா வீட்டு வாசலிலும் பாடும் பழைய வசை இல்லை. எங்களுக்கென்று புதிதாகக் கட்டியிருந்தார்கள். குப்புறக் கிடந்து மருமகன் சொன்னதெல்லாம் தாளத்தோடு வந்தது. விடியலில் இருமுகிற மாமன், நடுத்துண்டு தின்கிற மாமன், எண்ணெய் மணத்துக்கு ஓடுகிற மீன், வலைக்குள் இருந்து கொக்கரிக்கிற கோழி. எட்டு மாதம் மூன்று சொல் பேசிய மனிதர் கூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்.

அப்பா கதவைத் திறந்து முன்னால் வந்தார். பாட்டு நின்றது. "இருமல் மூணு தரம் எண்டு பாடுறீங்க. ரெண்டு தரம்தான். திருத்திப் பாடுங்க" என்றார். திருத்திப் பாடினார்கள். அம்மன் அன்றைக்கு நிச்சயமாகச் சிரித்திருப்பாள்.

அடுத்த நாள் என் கணவர் தலையணையோடு வந்து சேர்ந்தார். அப்பா தன் கட்டை அவிழ்க்கவில்லை. "மருமகன்ட நாள் முடியட்டும்" என்றார். ஏழு நாள் நானும் அம்மாவும் இரண்டு கைக்குழந்தைகளை வளர்த்தோம். ஒருவருக்கு முதுகு தேய்க்க வேண்டும், மற்றவருக்கு வேட்டி கட்டிவிட வேண்டும். இடது கையால் சாப்பிட வெட்கம் என்று இருவரும் ஊட்டிவிடக் கேட்டார்கள். நான் பொறுமையில்லாதவள், சோறு கொஞ்சம் வேகமாகவே போயிருக்கும். மீன் வந்த நாளில் அப்பா கண்ணைக் காட்டினார். நடுத்துண்டு மருமகனுக்குப் போனது.

இருபத்தொராம் நாள் காலை மாமரத்தடியில் வைத்து அப்பா இடது கையாலேயே மருமகனின் கட்டை அவிழ்த்தார். பெரியப்பாவின் பல்லுக்கு மசியாத முடிச்சு அவருக்கு ஒரு இழுப்பு. தோளைத் தொட்டுக் கேட்டார். மறு தோளைத் தொடச் சொன்னார். மெல்லத் தொட்டார். இனித் தினமும் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்று கையால் வட்டம் போடவேண்டும், கையைத் தலைக்கு மேலே தூக்குவது பிறகு, வலை மூன்று மாதம் கழித்து என்றார். எல்லாவற்றுக்கும் "ஓம் மாமா" என்று பதில் வந்தது. கடைசியில் நாலாவதாக ஒன்றும் வந்தது: "எண்ட கட்டுக்காக உங்கட கொம்ப முறிச்சிற்றீங்களே மாமா."

அந்தத் தோள் அதற்குப் பிறகு ஒருமுறையும் கோபித்துக்கொண்டு போகவில்லை. எங்கள் பிள்ளைகள் வளர்ந்து கலியாணம் கட்டும்வரை அவர் வலை வீசினார்.

அவர் வாவிப் பக்கம் நடந்துபோனதும் அம்மா அப்பாவின் முடிச்சில் கை வைத்தாள். அப்பா விலக்கினார். "மகள் அவிழ்க்கட்டும்" என்றார். நான் அவருக்குப் பின்னால் போய் நின்றேன். முகம் பார்க்காமல் பேசுவது அவருக்குச் சுகமாக இருந்திருக்க வேண்டும்.

"அண்டைக்குக் கேட்டாயே. மருமகனுக்குக் கட்டினது பரியாரிதான் புள்ள. அதில ஒரு நாள் கூட்டல்ல, குறைக்கல்ல. ஆனா பதினாலாம் நாள் கட்டுக்குள்ள வருது எண்டு கண்டதும் ஒருத்தன் சிரிச்சான். அவன் வடசேரியான். அந்தச் சிரிச்சவனுக்குத்தான் நான் கட்டுப் போட்டது. நீ காணாட்டி அவன் தப்பியிருப்பான்."

அம்மா போட்ட முடிச்சு ஏழு நாள் வியர்வையில் இறுகிக் கிடந்தது. லேசில் அவிழவில்லை. நானும் அவசரப்படவில்லை.